நாலாந்தரம் பொரித்த எண்ணெய்

கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால்
கறுத்த கலன்களோடு என் ஓட்டோ.
இது பிளேனுக்குப் போற எண்ணெய் என்று சொன்னால்
அரியகுட்டியர் வயிறு குலுங்கச் சிரிப்பார்:
'மேல பறக்கேக்க வடை மணக்குமோ பிள்ளை?'

சிரிப்பாரே தவிர, எண்ணெய் தரமாட்டார்.
முதல்நாள் ரோல்ஸ், அடுத்தநாள் கோழி,
அதற்கடுத்த நாள் வடை, அடியில் மிஞ்சினால் அப்பளம்.
பிறகும் ஒரு கரண்டி
கதவுப் பிணைச்சலுக்கு.
இந்த ஊரில் ஓர் எண்ணெய் கழிவாகி முடிய
கனகாலம் எடுக்கும்.

கொழும்பிலிருந்து படிவம் வந்தது, ஆறு பக்கம்.
இந்த எண்ணெயின் பிறப்பிடம் எது?
'முறிகண்டி, பஸ் நிற்கிற இடம்' என்று எழுதினேன்.
திருப்பி அனுப்பினார்கள்.

போன மாதம் ஒருவன்
புது எண்ணெயில் அடுப்புக்கரி கலக்கிக் கொண்டுவந்தான்.
பழையதற்கு விலை கூட, புதியதற்குக் குறைவு.
கணக்கு அவனுக்குப் பிழைக்கவில்லை.
நானும் ஓரிரவு
கண் மூடாமல் அதையே யோசித்துக் கிடந்தேன்.
இல்லை என்று எழுத ஏலாது.

பெற்றோலைச் சொட்டுமருந்துபோல விற்ற காலத்தில்
அப்பா மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்.
சேலைன் போத்தலில் இருந்து நாலு சொட்டுப் பெற்றோல்,
பிறகு உதை, பிறகு புகை.
அந்தப் புகைக்குள்ளால்
ஒரு பிள்ளைத்தாச்சியை விசுவமடுவில் இருந்து கொண்டுவந்து சேர்த்தார்.
அப்போது மேலே பறந்தவற்றுக்கு
எரிபொருள் தட்டுப்பாடு என்று
ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

கம்பனிப் பெடியன் ஜெனிற்றன் கல்குலேற்றரைத் தட்டுகிறான்:
'அக்கா, உங்கட ஒரு மாத எண்ணெய்
ஓடுபாதையில உருண்டு திரும்பவே காணாது.
லண்டன் எங்க?'
போதாததற்கு மழை.
மூடி இறுகாத கலனுக்குள் தண்ணி போய்
நாற்பது லீற்றர் தள்ளுபடி.

கண்ணிவெடி எடுத்த காணியில்
காட்டாமணக்கு நடச் சொல்லிக் கேட்டார்கள்.
சாந்தமலர் கச்சான் நட்டாள்.
எண்ணெய் இரண்டிலும் இருக்கு,
தின்னலாம் ஒன்றைத்தான்.

ரொறன்ரோவில் இருந்து அக்கா:
'டிக்கற்றோட பசுமைக் கட்டணம் என்று ஏதோ கட்டினனான்,
அது உனக்கோடி வரும்?'
நான் சிரித்த சத்தம்
அவளுக்குப் பிந்தித்தான் கேட்டிருக்கும்.

இரவு, பழைய சேலைத்துண்டில் எண்ணெயை வடிக்கிறேன்.
மிளகாய் விதை, கருகின கறிவேப்பிலை,
ஒருமுறை யாருடையதோ தோட்டுச் சுரை.
தெற்கே ஒரு விளக்கு விட்டுவிட்டு மினுங்கிப் போகிறது.
அதன் வயிற்றில் என் எண்ணெய் இல்லை.
இன்னும் இல்லை.

பரந்தன் பக்கம்
மூன்று கோழிக்கடை புதிதாகத் திறக்கினமாம்.
வெறுங்கலன் இரண்டைக் கழுவி
வேலியோரம் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.