வெள்ளிக்கிழமை வெளியீடு

உலகத்துப் புது அல்பம் எல்லாம்
வெள்ளிக்கிழமைதான் வெளியாகிறது.
கொட்பே ஐஸ் தொழிற்சாலையில் கணக்கெழுதும் எனக்கு
அது கூலிப் பட்டியல் நாள்.
பைரூஸுக்கு ஜும்ஆ.
லெனார்ட்டுக்குப் பாலையூற்றில்
ஏதாவதொரு கல்யாண வீட்டு ஒத்திகை.
ஆகவே எங்கள் தீர்ப்பு
சனி இரவுக்கு முன் வருவதில்லை.

இந்தக் கிழமை இரண்டு.
ஒன்று 'துருக்கம்பி': நாலு பொடியன்கள், பதினொரு றொக் பாட்டு.
மற்றது, எழுபத்தாறு வயதுக் கிழவர்
ஒற்றை அறையில் ஒற்றைக் கிற்றாரோடு பதிந்த புளூஸ்.

பைரூஸ் ஆட்டோவின் பின்சீற்றுக்கு அடியில்
பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்.
துருக்கம்பியைப் போட்டதும்
பக்கக் கண்ணாடிக்குள் பஸ் நிலையம் நடுங்கியது.
"இதுதான் றொக்" என்றான்.

நான் சொன்னேன்:
எல்லாரும் ஒரேயடியாகக் கத்துகிறார்கள்.
ஒருவர் வாயை மூடினால்தானே
மற்றவர் கத்துவது தெரியும்?
நாலாவது பாட்டின் சோலோ
மாலை விழுந்த பிரதம விருந்தினரின் உரை.
முடிந்ததென்று இருமுறை கைதட்டிவிட்டோம்.
ஏழாவது மட்டும் நல்லம்.
அதில் பேஸ்காரன் ஓரிடத்தில் பிந்திவிடுகிறான்,
ஓடிவந்து பஸ்ஸில் தொற்றுகிறான்.
அந்த ஓட்டத்துக்கு ஒரு மார்க் கூட.

கல்யாண வீடுகளில் பேஸ் வாசிக்கிற லெனார்ட்
ஏழாவதைத் திரும்பப் போடச் சொன்னான்.
"பிந்தேல்ல. காத்திருக்கிறான்."
அதற்குமேல் விளக்கவில்லை.

கிழவருக்கு ஐந்துக்கு இரண்டு போட்டேன்.
ஒரு வரி சொல்கிறார்.
அதையே திரும்பச் சொல்கிறார்.
பிறகுதான் மூன்றாவது வருகிறது.
கேட்கிறவர்களுக்குக் காது கேளாதா?
துக்கத்துக்கு விலைகூடிய மைக் வேறு:
கம்பியில் விரல் வழுக்குவது,
கதிரை முனகுவது, எச்சில் விழுங்குவது,
எல்லாம் துடைத்து அடுக்கிய கண்ணாடிப் பாத்திரம்போல.
பைரூஸ் என்னோடு ஒத்துப்போன முதல் இரவு அது.

திங்கள் காலை
இன்னாசி அண்ணை கவுண்டர் யன்னலில் நின்றார்.
என் முதுகில் ஐஸ் அறையின் குளிர்,
அவர் முதுகில் வெயில்.
நான் கேட்குமுன்பே சொன்னார்:

"கடலில மீன் இல்லை பிள்ளை.
கடலில மீன் இல்லை எண்டுறன்.
இருக்கிற மீனுக்கு என்ர வலையைத் தெரிஞ்சுபோச்சு."

பேனை நின்றது.
இரண்டாம் முறை சொன்னபோது
சொற்கள் அதேதான், நின்ற தரை வேறு.
மூன்றாவது வரி
இன்னும் அவரிடம் வந்து சேரவில்லை.
வரும்வரைக்கும் கால் வைக்க
அவருக்கு ஓரிடம் தேவைப்பட்டது.

மத்தியானம் ஒற்றைக் காதில் கிழவரைத் திரும்பக் கேட்டேன்.
ஒன்பது பாட்டும்.
மூன்றரையாக்கினேன்.

மைக் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.
ஐந்தாவதில் திடீரென்று ஒரு ஓர்கன் வருகிறது.
ஒற்றை அறைக்குள்
எந்தக் கதவால் அதைத் தூக்கிவந்தார்கள்?

பைரூஸுக்குக் கோபம்.
"இன்னாசி அழுதா நீ மார்க் கூட்டுவியா?"
"அழேல்ல. ரெண்டு கட்டி ஐஸ் கடனுக்குக் கேட்டார்."
"குடுத்தியா?"
"குடுத்தன்."
"அப்ப முதலாளி உனக்கு எத்தினை போடுவார் பாப்பம்."

அடுத்த சனி இரவு, பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஒரு புள்ளிமான்
வத்தகப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தது.
துருக்கம்பிக்குத் தலை தூக்கவில்லை.
கிழவருக்கும் தூக்கவில்லை.
லெனார்ட் கைநீட்டிப் பாட்டை நிறுத்தியபோதுதான்
நிமிர்ந்து பார்த்தது.
"அதுக்கு இதுதான் பிடிச்சிருக்கு" என்றான்.

வருகிற வெள்ளி மூன்று அல்பம் வருகிறதாம்.
இன்னாசி அண்ணை
இன்னும் வரவில்லை.