ஐந்தாம் மெட்டு

கட்டிலில் இரண்டையும் மல்லாத்தி வைத்திருக்கிறேன்.
ஒரே உருவம். ஒரே நிறம்:
நடுவில் பொன்னாய், ஓரம் போகப் போகக் கருகும்
முறுகல் தோசை நிறம்.
ஒன்று எழுபத்தாறில் செய்தது.
மற்றது போன மாதம்
கே.ஆர்.புரம் கிடங்கிலிருந்து
தெர்மோகோலுக்குள் படுத்து வந்தது,
பன்னிரண்டு தவணையில்.

பழைய பேஸ் நாலே முக்கால் கிலோ.
எடை மெஷினில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறி
என்னைக் கழித்துக் கண்டுபிடித்தது.
புதுசு ஒரு கிலோ குறைவு.
அந்த ஒரு கிலோவுக்குத்தான்
இத்தனை வருஷம் என் இடது தோள்
காக்ஸ் டவுன் பிசியோதெரபிஸ்ட்டிடம்
வாடகை கட்டியது.

பழசு டியூப்லைட்டோடு பேசும்.
சுவிட்சைப் போட்டதும் ம்ம்ம் என்று ஆரம்பிக்கும்.
இந்திராநகர் பப்பில் பீர் ஃப்ரிட்ஜ் ஓடினால்
கூடவே முனகும்.
புதுசின் வயிற்றில் ஒன்பது வோல்ட் பேட்டரி.
இன்டர்வியூவுக்கு வந்தவன்போல
கேட்டதற்கு மட்டும் பதில்.

கீறலோடேயும் கிடைக்குமாம்.
முழங்கை உரசும் இடத்தில் வார்னிஷைத் தேய்த்து,
பெல்ட் கொக்கி இடிக்கும் இடத்தில் சுரண்டி,
கூடுதலாக முப்பதாயிரம்.
யாருடைய முழங்கை என்று கேட்டேன்.
"மெஷின், மேடம்" என்றான் கடைப்பையன் ஃபைஸான்,
பெருமையாக.
வழவழப்பானதையே எடுத்தேன்.
என் பழசில் இருக்கும் கீறலும்
என்னுடையது இல்லை.
எனக்கு முன் வாசித்த யாரோ.
என்னைவிட உயரம், கொஞ்சம் தொப்பை,
அவ்வளவுதான் தெரியும்.

டென்சிலைச் சுவர் பார்த்து நிற்க வைத்தேன்.
இருபது வருஷ டிரம்மர்,
சிம்பலில் மயிர்க்கோடு விரிசல் விட்டாலும் சொல்லிவிடுவான்.
மாற்றி மாற்றி எட்டு தடவை வாசித்தேன்.
நாலு சரி, நாலு தப்பு.
"காசு சுண்டியிருக்கலாம், ஹெப்சிபா" என்று
மீன் கட்லெட் தின்னப் போய்விட்டான்.

ஒன்றை மட்டும் அவனுக்கு வாசித்துக் காட்டவில்லை.

பழசில், முதல் தந்தியில், ஐந்தாம் மெட்டில்
ஒரு செத்த இடம்.
அடித்தால் டப்பென்று வரும்.
அடுத்த கணம் தந்தியை விட்டுக்
கழுத்து மரத்துக்குள் இறங்கிவிடும்.
எந்தப் பட்டறையிலும் சரியாகவில்லை.
பத்தொன்பது வருஷம்
அந்தச் சுரத்தை மட்டும்
இரண்டாம் தந்தி, பத்தாம் மெட்டு வரை நடந்துபோய்
எடுத்துக்கொண்டு திரும்பினேன்.
அவசரத்தில் எடுக்காமலே விட்டேன்.
பார்த்தவர்கள் சொன்னார்கள்:
சரியான இடத்தில் மூச்சு விடுகிறாள்,
அவள் பாணியே தனி.
மூச்சும் இல்லை, பாணியும் இல்லை.
பள்ளம்.
ஹென்னூர் ரோட்டில் ஸ்கூட்டரை ஒடிப்பதுபோல்
ஒடித்தேன்.

புதுசின் கழுத்துக்குள் கார்பன் கம்பி.
மேடு பள்ளமில்லாமல்
எல்லா மெட்டும் ஒரே நீளத்துக்குக் கேட்கிறது.
ஆனாலும் கை ஒடிக்கிறது,
தார் போட்ட பிறகும்
அதே இடத்தில் பிரேக் மிதிக்கிற கால்போல.

இன்று மதியம், வேண்டுமென்றே
அங்கே விரலை அழுத்தி அடித்தேன்.
நின்றது.
ஒன்பதுவரை எண்ணினேன்.
ஜன்னல் கம்பி, தண்ணீர்க் கேன், என் விலா எலும்பு,
ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு
நின்றது.

கீழ்வீட்டு ஷைனி இரவுப் பணி நர்ஸ்.
பகலில்தான் தூங்குவாள்.
நீங்க வாசிச்சா எனக்குக் கேக்கறதே இல்லக்கா என்பாள்,
ஃபேன் சத்தம் மாதிரி ஆயிடுச்சு.
போன் அதிர்ந்தது.
"அக்கா, இப்ப ஒண்ணு வந்துச்சே,
அது என்ன?"

ஆறு மணிக்கு ஒருவர் வருகிறார்,
கம்மனஹள்ளியிலிருந்து, பழசை வாங்க.
செத்த இடத்தைக் காட்டிவிட வேண்டும்,
விலையைக் குறைத்தால் குறைக்கட்டும்.
காட்டாமல் விட்டால்
அவர் விரலும் ஒருநாள் வளையப் பழகும்,
அதற்கும் யாராவது பாணி என்று பேர் வைப்பார்கள்.
இன்னும் தீர்மானிக்கவில்லை.

ஷைனிக்கு என்னவென்று பதில் எழுத?
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
இன்னொரு தடவை அடித்தேன்.