வடக்கு முகம்

அஞ்சு ரூபாய்க் காசு அகலம். அவ்வளவுதான்
இந்த உலகத்தில் அது பிடித்திருக்கும் இடம்.
ஊதியூர் மலைக்குக் கிழக்கே,
கொரங்காட்டுக் கிளுவை வேலிக்கு அடியில்,
ஒரு சர்வே கல்லின் வடக்கு முகத்தில்.

லைக்கன். பிரியாணிக்குப் போடும் கல்பாசிக்கு
ஒன்றுவிட்ட உறவு. மணக்காது. பிய்த்தால் வராது.
சாம்பலில் கொள்ளுப்பூவைக் கசக்கித் தேய்த்த நிறம்.
பூஞ்சை கூரை போடும்; உள்ளே பாசி
வெளிச்சத்தைச் சமைக்கும்.
பனி இறங்கும் மாதங்களில், விடிந்து இரண்டு மணி நேரம்
உயிர் வாழும்.
மற்றபடி காய்ந்து, யாருக்கும் கடனில்லாமல் கிடக்கும்.

மூன்று வருஷம், நாற்பத்தியொரு கொரங்காடு,
மூலனூர் வரைக்கும் குனிந்தே நடந்தேன்.
கல்லைக் கும்பிடுகிறேன் என்று நினைத்து ஒருவர்
தேங்காய் வாங்கிவரட்டுமா என்று கேட்டார்.
நான்கு கல்லில் இருந்தது.
ஒன்றை ரோடு எடுத்துக்கொண்டது.
ஒன்றுக்கு மாரியம்மன் நோம்பிக்கு வெள்ளையடித்துவிட்டார்கள்.
மூன்றாவது கிரஷர் மாவுக்கு அடியில்;
ஊதிப் பார்த்தேன், மாவோடு அதுவும் உதிர்ந்தது.

நாலாவது இது.
வருஷத்துக்கு அரை மில்லிமீட்டர் அகலும்.
காசு இருபத்துமூன்று மில்லிமீட்டர்.
நீங்களே கணக்குப் போடுங்கள்.

இந்தத் தையில் போனபோது கிளுவை இல்லை.
கம்பிவலை, சிமெண்ட் தூண்.
கல் இருந்தது; பாசி தெற்கே பார்த்திருந்தது.
காம்பஸைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

"கல்லு எங்கீங்க நடக்கும்?" என்றார் ராக்கியப்பன்.
பக்கத்துக் காட்டுத் தெய்வாத்தாள் அங்கே ஒன்றும் பேசவில்லை.
இட்டேறி வரை கூட வந்து
"அந்தப் பாசிய வெச்சு தாசில்தாருக்கு
ஒரு கடுதாசி எழுதிக் குடுப்பீங்களா" என்றாள்.

எழுதினேன். மில்லிமீட்டரில் எழுதினேன்.
நாற்பத்தாறு வருஷம் நிழலில் இருந்தது
இப்போது வெயிலில் இருக்கிறது என்று.
சங்கிலியோடு வந்தார்கள். அளந்தார்கள்.
நாலடி தள்ளி, பழைய குழியிலேயே நட்டார்கள்.
ஓரியாட்டம் தீர்ந்தது.
முகம் மேற்கு.
அளவைப் புத்தகத்தில் முகத்துக்குப் பத்தி கிடையாது.

எல்லைக்கல்லைத் தொடுவது குற்றம், தெரியும்.
அன்று ராத்திரி நானும் தெய்வாத்தாளும்
கடப்பாரை போட்டு நெம்பினோம்.
கால் சுற்றுத்தான். அதற்கே மூச்சு முட்டியது.
முதுகில் டார்ச் வெளிச்சம் விழுந்தது: ராக்கியப்பன்.
வைவார் என்று நின்றோம்.
வெளிச்சம் நகரவில்லை. வெகுநேரம் கழித்து
"சித்த அக்கட்டால தள்ளுங்க,
வடக்கு அப்புடி" என்றார்.

அழியும் உயிர்களின் பட்டியலுக்கு அனுப்பும் படிவத்தில்
இருப்பிடம் நான்கு என்பதை அடித்து, ஒன்று.
நிலை: போதிய தரவு இல்லை.
மூன்று வருஷம் குனிந்ததற்கு
அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

தெய்வாத்தாள் கல்லுக்குத் தெற்கே
ரெண்டு கிளுவைப் போத்து ஊன்றினாள்.
நான் பாசிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன்.
உயிரிருந்தால் பச்சை ஏறும்.
ஓரத்தில் கொஞ்சம் ஏறியதா,
என் கண்தான் ஏற்றியதா.

"செத்துருச்சுன்னா கேசு திரும்ப வந்துருமுங்களா?"

மார்கழி வரட்டும் என்றேன்.