நாமா பாப்பா

சனிக்கிழமை மதியம் புவனேஸ்
மோட்டாரில் கொண்டுவந்து இறக்கிவிடுவாள்.
ஹெல்மெட்டைக் கழற்றமாட்டாள்.
கண்ணாடிக்குள்ளிருந்தே சொல்வாள்:
"இருமல் மருந்து பையில இருக்கு.
ஐஸ் கூடாது."
எங்களுக்குள் மிச்சமிருக்கும் பேச்சு அவ்வளவுதான்.
அதில் கோபம் இருக்கிறதா என்று
மருந்து போத்தலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.
மூடிக்கு மேல் பிளாஸ்டிக் சுற்றி
இரண்டு ரப்பர் பேண்ட் போட்டிருப்பாள்,
சிந்தாமல்.

பாகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் என் கடை.
ஜாக்கெட், பள்ளிச் சீருடை, பெருநாள் வந்தால் பாஜு கூரோங்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி போகும்போதெல்லாம்
ஊசி டப்பா குலுங்கும்.
வாடிக்கையாளர் முன்னால் நான் லோஷினிக்கு அத்தை.
இருவரும் பேசி முடிவெடுத்தது.
அதற்கு அவள் கேட்ட கூலி
வாரத்துக்கு ஒரு மைலோ ஐஸ்.

இந்த வாரம் பையில் ஒரு பாரம்.
பள்ளிக்குப் பல் டாக்டர் வருகிறாராம், கையெழுத்து வேண்டும்.
விரல் வைத்துப் படித்தாள்:
"நாமா... பாப்பா."
நிமிர்ந்து சிரித்தாள்.
"பாப்பா பேருன்னா என் பேருதானே?"
தெரிந்தேதான் கேட்கிறாள்.
மலாயில் அது அப்பா.

குணாளன்.

தோட்டத்தை விட்டு வந்த இரவில்
அந்தப் பெயரை லயத்துக் கொடிக்கயிற்றில்
ஈரத்தோடு விட்டுவிட்டு வந்தேன்.
யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால்
திரும்பாதே என்று கழுத்தைப் பழக்கினேன்.
சாலைச் சோதனையில் ஐசியை வாங்கி
உரக்கப் படிப்பார்கள்,
என்னைப் பார்ப்பார்கள்,
பக்கத்து ஆளைக் கூப்பிட்டு
மறுபடி படிப்பார்கள்.
நான் சாருலேகா.
கடைப் பலகையிலும் மளிகைக் கடன் புத்தகத்திலும்.

இவளானால்
கணக்கு நோட்டு, ஓவிய நோட்டு, தண்ணீர் போத்தல்,
அழிரப்பரில்கூட
எழுதிவைத்திருக்கிறாள்
லோஷினி த/பெ குணாளன் என்று.
ளகரத்தை வளைத்து வளைத்து
நத்தை மாதிரி.
நான் தொலைத்துவிட்டு வந்ததைக்
காலை ஏழு மணிக்கு முதுகில் மாட்டிக்கொண்டு
பள்ளிக்குப் போகிறது பிள்ளை.
அதை அழி என்று எப்படிச் சொல்ல?
நான் அவளுக்கு யார் என்று
அரசாங்கம் ஒப்புக்கொண்ட ஒரே இடம் அதுதான்.

பிள்ளை வேண்டும் என்றுதான்
அந்தக் கல்யாணத்துக்குத் தலையாட்டினேன்.
புவனேஸுக்கு ஏழாம் மாதம்.
அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து
அவளுடைய தொளதொளத்த கவுனைப் போட்டுக்கொண்டு
கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்றேன்.
வயிற்றுத் துணி தொங்கியது.
"பின்னால ஜிப்பு போடல"
என்றாள் கட்டிலிலிருந்து.
பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.
விடியும்வரை இரண்டு பேரும்
தூங்குகிற மாதிரி மூச்சு விட்டோம்.

போன மழைக்காலத்தில் லோஷினிக்குக் காய்ச்சல்.
நூற்று மூன்று.
பாதிக் கண்ணில், யாரையோ தேடி,
"ப்பா" என்றாள்.
இங்கதான் இருக்கேன் என்றேன்.
எந்தப் பெயரில் இருந்தேன் என்று
என்னைக் கேட்காதீர்கள்.

பாரத்தில் கட்டம் கட்டமாக
பெரிய எழுத்தில் எழுதச் சொல்லியிருந்தது.
எழுதினேன்.
லோஷினி எண்ணிப் பார்த்தாள்.
"ஒரு எழுத்து குறையுது.
உங்க பேரு உங்களுக்கே எழுதத் தெரியல, அத்தை."
கடையில் வேறு யாருமில்லை.
பேனாவை என் கையிலிருந்து வாங்கி
இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இடம் பார்த்து
விட்டுப்போன எழுத்தைச் சின்னதாகச் சொருகினாள்.
லோரி போனது.
டப்பாவில் ஊசிகள் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டன.

ஆறு மணிக்கு மோட்டார் சத்தம்.
முந்தானையில் எச்சில் தொட்டு
மைலோ மீசையை அவசரமாகத் துடைத்துவிட்டேன்.
ஒரு இருமு இருமிக் காட்டிவிட்டு
கண்ணடித்தாள் கள்ளி.