தேதி இல்லாத தண்ணீர்

சுங்கை மெராந்தியில், லியோங் மளிகைக் கடையில்,
அரிசி மூட்டைகளுக்கு மேலே
ஒரு தாள் ஒட்டியிருக்கும்.
மலைமுகட்டுப் பாதையின் ஆறு நாள் நடைக்கு
பதினோரு நீரிடங்கள்.
என் கையெழுத்துதான்.

வார நாட்களில் எஸ்டேட் கிளினிக்கில்
இரத்த அழுத்தம் பார்க்கிறவள் நான்.
விடுப்புக் கிடைத்தால் நடக்கிறவள்.
காட்டுக்குள் இவள் எதைத் தொலைத்தாள் என்று
பாசாரில் கேட்கிறார்களாம்.
எதையும் தொலைக்கவில்லை.

எழுபத்து மூன்று நாள் மழையில்லை.
செம்பனையின் குருத்தோலைகள் விரிய மறுத்து
ஈட்டி ஈட்டியாய் நிற்கின்றன.
லாரித் தண்ணீருக்கு
வாளிகள் வெயிலில் வரிசை பிடிக்க
ஆட்கள் நிழலில் சண்டை பிடிக்கிறார்கள்.

தாளுக்கு நான் வைத்த விதி ஒன்றுதான்:
பார்த்த தேதி போடாமல் எழுதாதே.
'தண்ணீர் உண்டு' என்பது பாதி வாக்கியம்.
என்றைக்கு உண்டு? யார் குடித்தது?
ஒரு போத்தல் நிரம்ப எத்தனை நிமிடம்?
தேவசகாயம் மட்டும் 'ஏராளம்' என்று எழுதுவான்.
அவனுக்கு எல்லாமே ஏராளம், கடன் உட்பட.

மூன்றாம் நாள், ஏழாம் இடம்.
பாறைப் பிளவில் செருகிய மூங்கில்.
போன மார்ச்சில் நானே எழுதியது: 'நம்பலாம்.'
மூங்கிலின் வாயில் சிலந்தி வலை,
ஒரு கிழிசல்கூட இல்லாமல்.

வலையைக் கலைக்க மனம் வரவில்லை.
அதுவாவது நம்பிப் பின்னியிருக்கிறது.

கையில் முந்நூறு மில்லி.
முகட்டோடு போனால் எட்டாம் இடத்துக்கு ஆறு மணி நேரம்,
இறங்கினால் எஸ்டேட் எல்லைக்கு இரண்டு.
முழங்கால்தான் முடிவெடுத்தது.

செம்பனைக்குள் வாய்க்கால் இருந்தது.
அதில் தண்ணீரும் இருந்தது,
மேலே மெல்லிய வானவில் படர்ந்து.
கரைப்புல் மருந்தடித்து வைக்கோல் நிறத்தில் கிடந்தது.
எல்லாம் தெரிந்துதான் குனிந்தேன்.

"ஜாங்ஙான், காக்!"
வேண்டாம் அக்கா என்று ஒரு கத்தல்.

முதுகில் தெளிப்பான், முகத்தில் பாத்திக் துணி,
லொம்போக்கிலிருந்து வந்தவள். மிஸ்னா.
மரத்தடியில் அவளுடைய நீலக் கேன்.
மருந்து வந்த கேன்.
மண்டையோட்டு முத்திரை பாதி உரிந்திருக்க
மேலே சிவப்புச் சாயத்தில்
'தண்ணீர்' என்று மலாயில்.

மண்டையோட்டையும் எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.
இந்தக் கேன்களில் குடிக்காதீர்கள் என்று
கிளினிக் சுவரில் ஒட்டியவளே நான்.

அவள் கோபப்படவில்லை.
துணியை இறக்கினாள், மூடியில் ஊற்றினாள்,
என்னைப் பார்த்தபடியே முழுவதும் குடித்தாள்.
பிறகு மறுபடி நிரப்பி நீட்டினாள்.

பிளாஸ்டிக் ருசி.
வெயில் ருசி.
கொஞ்சம் இஞ்சி.

"புதுக் கேன் கேட்டேன், மண்டோர் தரவில்லை.
ஒன்பது தடவை கழுவினேன்."
சொல்ல வேண்டியது எனக்கு நிறைய இருந்தது.
வாயில் அவள் தண்ணீர் இருந்தது.

ஊர் திரும்பித் தாளைத் திருத்தினேன்:
7. வற்றிவிட்டது. என் பிழை.
7அ. கட்டம் பதினான்கு, நண்பகல் வரை,
மிஸ்னா இருந்தால்.

லியோங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.
"இது ஊற்றா, ஆளா?"
நான் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்த திங்கள் இரண்டு புதுக் கேன்களோடு போனேன்.
கட்டம் பதினான்கில் வேறு யாரோ அடித்துக்கொண்டிருந்தார்கள்.
அவள் கோஷ்டியைப் பகாங் பக்கம் ஏற்றிவிட்டார்களாம்.
கேன்களை வாங்கிக்கொண்ட பையன் பெயரைச் சொல்லவில்லை.
கேட்க எனக்கும் தோன்றவில்லை,
பாதி வழி வரும்வரை.

7அ-வை அடித்தேன்.
படிக்க முடிகிற மாதிரி
ஒற்றைக் கோடு.
பக்கத்தில் தேதி.