லாயிட்மின்ஸ்டருக்கு ஒரு வரி

ரெஜைனாவில் கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை.
நாடு மார்ச்சில் ஒரு மணி நேரத்தைக் கடன் கொடுத்து
நவம்பரில் திருப்பி வாங்கும்போது
எங்கள் மாகாணம் போர்த்திக்கொண்டு தூங்கும்.
இந்த ஊரில் உட்கார்ந்துதான் நான்
உலகத்துக்கு நேரம் மாற்றும் நிரலொன்றைப்
பன்னிரண்டு வருடமாகப் பராமரிக்கிறேன்.
சம்பளம் கிடையாது.
பகலில் காப்பீட்டு அலுவலகம்,
இரவில் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை,
மறுமூலையில் மகன் ஒட்டும் டைனோசர்.

எடுக்கலாம், பிரிக்கலாம், மாற்றலாம்.
மாற்றிப் பிறருக்குத் தந்தால்
மாற்றத்தையும் திறந்தே தர வேண்டும்.
உரிமத்தின் சாரம் அவ்வளவுதான்.
மீதியெல்லாம் ஆங்கிலத்தின் பெரிய எழுத்து:
எந்த உத்தரவாதமும் இல்லை, எதற்கும் பொறுப்பில்லை.
தமிழில் பெயர்க்க உட்கார்ந்தபோது திகைத்தேன்.
கத்துவதற்கு நம்மிடம் பெரிய எழுத்து இல்லை.
அடக்கமாகத்தான் கைவிரிக்க முடிந்தது.

கல்கரியிலிருந்து ஒரு நிறுவனம் எழுதியது:
உரிமத்தை மாற்றித் தாருங்கள், மூடி விற்க வேண்டும்.
ஒரு தொகையும் சொன்னார்கள்.
பெரிதில்லை, ஆனால் குளிர்கால டயர் நான்கும்
கூரையின் வடபக்கமும் அதற்குள் அடங்கும்.
ஒரு வரி எழுதியவரும் உடைமைக்காரர் என்பதால்
இருபத்தேழு பேரும் சம்மதிக்க வேண்டும்.

முதல் சம்மதம் என்னுடையது.
இதைச் சொல்லாமல் விட்டால் கவிதை அழகாயிருக்கும்.

பெர்த்தின் பல் மருத்துவர் ஒரு நிமிடத்தில் சரி என்றார்.
மதுரவாயல் பூங்கோதைக்கு
எழுதியதே மறந்துவிட்டதாம், சிரிப்புக் குறி போட்டாள்.
போலந்துக்காரர் மூன்று பக்கம் சண்டை போட்டு
கடைசி வரியில் சம்மதித்தார்.
மீதி ஒருவர். டேரில் ஹ்ரிட்சக்.
செத்துப்போன மின்னஞ்சல், ஒரே ஒரு வரி.

அந்த வரியை அன்றுதான் உற்றுப் பார்த்தேன்.
லாயிட்மின்ஸ்டர்:
பாதி ஆல்பர்ட்டாவுக்கு, பாதி எங்களுக்கு,
நடுவீதியில் எல்லை ஓடுகிற ஊர்.
எங்கள் பாதியும் பக்கத்துப் பாதியின்
கடிகாரத்தோடுதான் போகும்.
என் நிரலுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

ஒருவழியாகத் தொலைபேசியில் பிடித்தேன்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார்.
"ஆமாம், நான்தான். அந்த நவம்பரில்
பேருந்து வருகிறதென்ற குறுஞ்செய்தி
ஒரு மணி நேரம் முந்திப் போய்விட்டது.
மைனஸ் இருபத்தெட்டில், சாலையோரம், பதினோரு பிள்ளைகள்.
ஒருத்திக்கு இமை உறைந்து ஒட்டிக்கொண்டது.
செய்தி அனுப்பும் கம்பெனியைக் கூப்பிட்டேன்,
புகார் எண் ஒன்று கொடுத்தார்கள்.
உங்கள் நிரல் திறந்து கிடந்தது.
நூலகத்தில் ஒரு புத்தகம், இரண்டு வாரம்.
அப்புறம் அந்த வரி."

தொகையைச் சொன்னேன். அவர் பங்கையும்.
"அவர்கள் விற்பதில் தப்பு வந்தால்
நான் உள்ளே பார்க்கலாமா?"
முடியாது என்றேன்.
"அப்போ வேண்டாம்."
தேநீருக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதுபோல.
பிறகு ரெஜைனாவில் பனி எப்படி என்று விசாரித்தார்.

கல்கரி வழக்கறிஞர் விடவில்லை:
அவர் வரியை அழித்துவிட்டு நீங்களே புதிதாய் எழுதுங்கள்.
இரவெல்லாம் முயன்றேன்.
இடம் மாற்றினேன், பெயர் மாற்றினேன், இரண்டாய் உடைத்தேன்.
எப்படி எழுதினாலும்
டேரிலின் வரியாகவே வந்து நின்றது.
அந்த ஊரில் மணி இதுதான் என்பதை
வேறெப்படிச் சொல்ல?

டயர் பழையதுதான்.
கூரை ஜூன் வரை தாங்கும் என்கிறார்கள்.
இருபத்தாறு பேருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதியதற்குப்
போலந்துக்காரர் மட்டும் பதில் போட்டார்: நல்லது.

நேற்று நவம்பரின் முதல் ஞாயிறு.
விழித்திருந்து சோதனைகளை ஓட்டினேன்.
ஹாலிஃபாக்ஸ், டொரன்டோ, வினிபெக்,
கிழக்கிலிருந்து ஒவ்வோர் ஊராகப்
பின்னால் சாய்ந்து பச்சையானது.
சமையலறைக் கடிகாரம் எதையும் கண்டுகொள்ளவில்லை.
லாயிட்மின்ஸ்டர் பச்சையானதும் விளக்கை அணைத்தேன்.
மேசையில் டைனோசர்
இன்னும் வால் ஒட்டாமல் நின்றது.