முப்பத்தைந்து சதவீதம்

பினாங்கிலிருந்து மின்னஞ்சல்.
ஆயிரத்து எண்ணூறு பெட்டி மனகோலம்
சுங்கக் கிடங்கில் நிற்கிறது.
சான்றிதழில் சந்தேகமாம்:
எந்த நாட்டுப் பண்டம் இது?

கழனிவாசல் பட்டறையில்
கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டிச் சிரித்தாள் செபஸ்தியம்மாள்.
"மனகோலம் எந்த ஊருன்னு
காரைக்குடியிலயே கேக்குறாகளா?"

சிரிப்பதற்கில்லை.
ஆசியான் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பை
மூன்று முறை படித்துவிட்டேன்.
சலுகை வரி வேண்டுமென்றால்
விலையில் நூற்றுக்கு முப்பத்தைந்து
இங்கே விளைந்திருக்க வேண்டும்,
அல்லது கூட்டாளி நாட்டில்.

கிலோ இருநூறு.
பாசிப்பயறு மொசாம்பிக்.
உளுந்து பிரேசில்.
எண்ணெய், போர் நடக்கும் நாட்டின் சூரியகாந்தி.
வெல்லம், தேங்காய், கூலி, எரிவாயு, லாபம்,
தூத்துக்குடி வரை லாரி வாடகை,
நம்முடையது என்று சொல்லக்கூடியதெல்லாம் கூட்டினால்
அறுபத்தெட்டு ரூபாய் நாற்பது காசு.
முப்பத்து நான்கு புள்ளி இரண்டு.
புள்ளி எட்டில் அந்நியமாகிப் போனது
கல்யாணச் சீர்ப் பலகாரம்.

முதலாளி உமையாள் அண்ணாந்து பார்த்தார்.
"தூண் பர்மா, தரை இத்தாலி, கண்ணாடி பெல்ஜியம்.
இந்த வீட்டுக்குச் சான்று கேட்டா
சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும்தான் தேறும்."

அன்றிரவு செய்தியில் மறுஆய்வுக் கூட்டம்,
எட்டாவதோ ஒன்பதாவதோ.
அமைச்சர்கள் வரிசையாக நின்று
கைகளைக் குறுக்கே போட்டுப்
பக்கத்துக் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள்.
எந்தக் கை எந்த நாட்டுடையது என்று
படத்தில் பிரிக்க முடியவில்லை.
பேச்சு ஆக்கபூர்வமாக இருந்ததாம்.
பற்றாக்குறை கவலை தருகிறதாம்.
மிச்சம் அடுத்த தலைநகரில்.

நான் கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன்.
வெல்லத்தை ஏற்றினால் பாகு திரிந்துவிடும்.
எரிவாயு விலை நம் கையில் இல்லை.
நெகிழ்ந்து கொடுத்த கட்டம் ஒன்றுதான்:
கூலி.
கிலோவுக்கு இரண்டரை ரூபாய் சேர்த்தால்
இருநூற்று இரண்டரையில் எழுபது தொண்ணூறு.
முப்பத்தைந்து புள்ளி சுழி ஒன்று.
மூன்று தீபாவளியாகக் கேட்டும்
நகராத இரண்டரை.

காலையில் தாளை நீட்டினேன்.
உமையாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.
"லாபத்தக் கூட்டினாலும் இதே கணக்குத்தானே?"
ஆமாம்.
பின்னிணைப்புக்கு ரெண்டும் ஒன்று.
பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

உமையாள் பென்சிலால் குறுக்கே கோடிழுத்தார்.
"ஒண்ணேகால் அங்கிட்டு, ஒண்ணேகால் இங்கிட்டு."
வாசற்படியில் வந்து நின்ற செபஸ்தியம்மாள்
மாவுக் கையைத் தூக்கி இரண்டு விரல் காட்டினாள்.
"ரெண்டு. அந்த அரை ஒங்களுக்கு."
உமையாள் பதில் பேசவில்லை.
தேநீர் வந்தது. யாரும் தொடவில்லை.
ஆடை படியும் முன்பு
ஒன்றேமுக்காலில் முடிந்தது.
கூட்டறிக்கை இல்லை.
புகைப்படம் எடுக்க ஆளும் இல்லை.

பினாங்குக் கிடங்கில் நிற்பவை
முழு வரி கட்டித்தான் வெளியே வரும்.
அது உமையாள் கணக்கு.

அடுத்த பெட்டகத்துக்கான படிவத்தில்
பிறந்த நாடு என்ற கட்டத்தில்
இந்தியா என்று அடித்தேன்.
தாளை எடுத்துப் பார்த்தாள் செபஸ்தியம்மாள்.
கட்டத்தின் ஓரத்தில்
பெருவிரல் அளவுக்கு
உக்ரைன் எண்ணெய்.